மேயர் எந்தத் தொட்டியில்?

1

மனித நாகரிகம் நெருப்பிலோ சக்கரத்திலோ தொடங்கவில்லை. இது வேறு, அது வேறு என்று யாரோ ஒரு மூதாதை முதன்முதலாக இரண்டு குவியல் போட்டாரே, அந்தக் கணத்தில்தான் தொடங்கியது.

இந்தக் கம்பீரமான வாக்கியம் என்னுடையதல்ல. எங்கள் ஊர் நகராட்சி மண்டபத்தில், வீட்டுக் குப்பையைப் பத்து வகையாகப் பிரிப்பது எப்படி என்ற கூட்டத்தில், குப்பைப் பிரிவு அதிகாரி எஸ்பென் சொன்னது. சொல்லும்போது அவர் கையில் காலியான தயிர் டப்பா ஒன்று இருந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி, மூடியை டப்பாவோடு போடுவதா தனியாகப் போடுவதா என்று கேட்டார். நாகரிகம் அங்கேயே சற்று நின்றுவிட்டது.

இந்தக் கதை அந்த மண்டபத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பிறந்தது என் வீட்டு வாசலில். எஸ்பென் எனக்குப் பக்கத்து வீடு. யூட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபியோர்டு என்கிற கடல்நீட்சி முடிகிற இடத்தில் இருக்கும் ஊர். வரிசை வீடுகள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே சுவர். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை வந்து மணியடித்தார்.

“காலி ஐஸ்கிரீம் டப்பா இருக்கா உங்ககிட்ட?”

[இங்கே ஒரு திருத்தம். டேனிஷ்காரர்கள் அரச குடும்பத்தைத் தவிர யாரையும் ‘நீங்கள்’ என்பதில்லை. தமிழ் மரியாதையை உத்தேசித்து நான் செருகிய ‘க’வை எடுத்துவிடுகிறேன்.]

“காலி ஐஸ்கிரீம் டப்பா இருக்கா உங்கிட்ட?”

“எத்தனை வேணும்?”

“எத்தனை இருக்கு?”

தமிழர் வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி. மேல்தட்டிலிருந்து அடுக்கடுக்காக இறக்கினேன். எஸ்பென் ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார்.

“இது என்ன வாசனை?”

“பெருங்காயம்.”

“அது எந்த வகையில வரும்?”

குப்பையில் எந்த வகை என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எதற்கு இத்தனை டப்பா என்று கேட்டேன்.

“ஸோல்வையோட விளையாட்டுக் கட்டைங்களைப் பிரிச்சு வைக்கணும். முறையா,” என்றார். ஸோல்வை அவருடைய மகள்.

அந்த ‘முறையா’வில்தான் எனக்குக் கதை வாசனை அடித்தது. பெருங்காயத்தையும் மீறி.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

மழை பெய்துகொண்டிருந்தது. எஸ்பென் ஜன்னல் வழியே ஃபியோர்டைப் பார்த்தபடி, தன் வாழ்க்கையின் சிதறிய துண்டுகளை...

வேண்டாம். அந்த வாரம் மழை இல்லை. எஸ்பென் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிவது சைக்கிள் கொட்டகை. கட்டைகளைப் பற்றி எழுதும்போது ‘வாழ்க்கையின் சிதறிய துண்டுகள்’ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்த எனக்கு, அது இரண்டாம் வரியிலேயே வந்துவிட்டது.

இரண்டாம் வரைவு:

பிரிவு என்பது...

வேண்டாம். ‘என்பது’வில் தொடங்குகிற வாக்கியம் கையில் தயிர் டப்பாவோடுதான் நிற்கும்.

மூன்றாவது:

எஸ்பென் ஓர் இரட்டைப்படை வார அப்பா.

இது நிற்கிறது. இந்த நாட்டில் யாரும் தேதி சொல்லிப் பழகுவதில்லை. வருஷத்து வாரங்களுக்கு எண் உண்டு, எல்லாம் அந்த எண்ணில்தான் நடக்கும். பல் மருத்துவர் முப்பத்தேழாம் வாரம், மாமியார் ஐம்பத்திரண்டாம் வாரம். எஸ்பெனும் ஸ்டீனெயும் பிரிந்தபோது, ஒன்பது வயது மகள் ஸோல்வை* ஒற்றைப்படை வாரங்களில் அம்மாவோடும் இரட்டைப்படை வாரங்களில் அப்பாவோடும் இருப்பதென்று முடிவானது. பகை இல்லை, கத்தல் இல்லை. பாத்திரம் பண்டம்கூடச் சிரித்துக்கொண்டேதான் பிரித்தார்கள்.

(* பெயரை நான் வைக்கவில்லை. அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழ்க் காதுக்கு அது ‘சொல்வாய்’ என்றே விழும். ஆனால் அந்தப் பெண் எதையும் நேராகச் சொல்கிறவள் அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பின்னால் பயன்படுத்துவேன்.)

நாற்பதாம் வாரம் முடிந்த திங்கட்கிழமை, ஸோல்வை பள்ளிக்கூடம் போன பிறகு, அவளுடைய ரப்பர் பூட்ஸை வாங்கிப் போக ஸ்டீனெ வந்தார். வாசலிலேயே சொன்னார்.

“அவளுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வேணாமாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனி ஞாயிறு உன்கிட்ட வந்தாப் போதுமாம்.”

“யார் சொன்னது?”

“அவதான். நான் சொல்லிக் குடுக்கல, அப்படிப் பாக்காத.”

“ஏன் வேணாமாம்?”

“உன் வீட்டுல செய்யறதுக்கு ஒண்ணுமில்லையாம்.”

“ஒன்பது வயசுல செய்யறதுக்கு என்ன வேணும்? ஒன்பது வயசுல நான் என்ன பண்ணேன்?”

“எஸ்பென், நீ தபால்தலையை நாடு வாரியா அடுக்கிட்டிருந்த. எல்லாக் குழந்தைங்களும் அப்படி இருக்காது.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “நாப்பத்திரண்டாம் வாரம் பள்ளிக்கூட லீவு. உன் வாரம்தான். அது முடிஞ்சதும் அவளே முடிவு பண்ணட்டும்” என்றார்.

எஸ்பெனுக்கு இருந்தது ஒரே ஒரு வாரம். கதைக்கும் அவ்வளவுதான்.

3

அன்று சாயங்காலமே எஸ்பென் மகளுக்குப் போன் செய்தார். சுவர் மெல்லியது. எஸ்பெனுக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கம்பு ரொட்டியில் ஈரல் மசியலைத் தடவிக்கொண்டே பேசும் பழக்கம் வேறு.

[அது கம்பு அல்ல, அதன் குளிர்நாட்டு ஒன்றுவிட்ட தம்பி. விட்டுவிடுங்கள்.]

“இங்க என்ன இருந்தா உனக்கு நல்லா இருக்கும்?”

“தெரியல.”

“யோசிச்சுச் சொல்லு.”

“கட்டைங்க எல்லாம் அம்மா வீட்டுலதானே இருக்கு.”

“புதுசா வாங்கட்டுமா?”

“வேணாம். டேலெ பண்ணிக்கலாமே.”

“டேலெ பண்ணிக்கலாம்!” என்றார் எஸ்பென், பெரும் பாரம் இறங்கியவராக.

அந்த ஒரு சொல்லை மட்டும் டேனிஷிலேயே விட்டிருக்கிறேன். காரணம் இருக்கிறது. டேலெ என்றால் பிரி. டேலெ என்றால் பகிர். ஒரு ரொட்டியை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு போனாலும் டேலெ. ஒரே தட்டில் வைத்து இருவரும் பிட்டுத் தின்றாலும் டேலெ. போதாததற்கு, பாகங்கள் என்பதற்கும் இதே சொல்தான். இரண்டு வீட்டில் மாறி மாறி வளரும் பிள்ளைக்கு இந்த மொழியில் ‘டேலெப் பிள்ளை’ என்று பெயர். அதில் எந்த டேலெ என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

எஸ்பெனும் கேட்கவில்லை. குப்பைப் பிரிவில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவருக்கு டேலெ என்றால் ஒரே அர்த்தம்தான் காதில் விழும்.

4

(இந்தப் பகுதி நாற்பத்தோராம் வாரத்தில், ஸ்டீனெ வீட்டில் நடக்கிறது. கட்டைகளைப் பற்றி அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது முழுக்க இதில் இருக்கிறது. ஒற்றைப்படை வாரங்களில் எனக்கு அனுமதி இல்லை. கதையின் இந்தப் பாதி அங்கேயே இருக்கட்டும்.)

5

அந்தச் சனிக்கிழமை காலை ஸ்டீனெ மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். மூட்டை என்றால் நிஜமாகவே மூட்டை. ஓரத்தில் கயிறு கோத்த பழைய படுக்கை விரிப்பு. விரித்தால் விளையாட்டு மைதானம், கயிற்றை இழுத்தால் பை. ஸோல்வையின் ஊர் முழுவதும் அதற்குள் ஒரே கலவையாகக் கிடந்தது. மேலே மொட்டு மொட்டாக இருக்கும் பிளாஸ்டிக் கட்டைகள். அழுத்தினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறந்தது இதே நாட்டில். செய்கிறவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியும். வெறுங்காலால் மிதித்தவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும்.

எஸ்பென் விரிப்பைத் திறந்து பார்த்தார். அவர் முகத்தில் வந்த துயரம், மாட்டுத் தொழுவத்தைப் பார்த்த சுகாதார ஆய்வாளருடையது. பிறகுதான் என்னிடம் டப்பா வாங்க வந்தது.

முதலில் நிறம். அப்புறம் மொட்டு: எட்டு மொட்டு, நாலு மொட்டு, இரண்டு மொட்டு, மொட்டே இல்லாத வழுக்கை. சக்கரங்கள் தனி. ஜன்னல்கள் தனி. குட்டிப் பிளாஸ்டிக் மனிதர்கள் வந்தபோது சிறிது தயங்கினார். பொருளை அதன் மிகச் சிறிய பாகம்வரை பிரிப்பதே முறை என்று கூட்டங்களில் சொல்பவர் அவர். ஆகவே தலைகள் ஒரு டப்பா, உடல்கள் ஒரு டப்பா, கால்கள் ஒரு டப்பா, முடி ஒரு டப்பா. பிறகு ஒவ்வொரு வகையையும் சமையலறைத் தராசில் நிறுத்து இரண்டாக்கினார். ஒன்று இங்கே, ஒன்று ஸ்டீனெ வீட்டுக்கு. ஒவ்வொரு டப்பாவிலும் ஆபீசிலிருந்து கொண்டுவந்த வெற்று ஸ்டிக்கரில் படம் வரைந்து ஒட்டினார். படம் அழகாகவே இருந்தது. நகராட்சித் தொட்டிகளில் சிரிக்கும் வாழைப்பழத் தோலை வரைந்ததும் அவர்தான்.

[இங்கே எனக்கு எஸ்பென்மேல் சந்தேகம். இப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா? கொஞ்சம் மிகைப்படுத்துகிறேனோ? சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பெயரையும் சத்தமாகச் சொல்லி டப்பாக்களை அகரவரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். சந்தேகம் தீர்ந்தது.]

விரிப்பின் அடியில் ஒரு கஷ்கொட்டை கிடந்தது. பளபளப்புப் போன பழுப்பு நிறம், நம்மூர்ப் புளியங்கொட்டையைப் பல மடங்கு ஊதிவிட்டாற்போல. கை கால்களுக்குப் பதில் நாலு தீக்குச்சி செருகியிருந்தது. இலையுதிர் காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இப்படிப் பொம்மை செய்வார்கள். இது போன வருஷத்தது, சுருங்கிவிட்டது. எஸ்பென் அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக் இல்லை. காட்டுக் கஷ்கொட்டையை மனிதர் தின்பதில்லை என்பதால் உணவுக் கழிவில் சேருமா, தோட்டக் கழிவில் சேருமா என்று நேர்மையாகக் குழம்பினார். உணவு என்று தீர்மானித்து, குச்சிகளைப் பிடுங்கி, எந்த வகையிலும் சேராததற்கான மிச்சக் கழிவில் போட்டார். கொட்டையை உருளைக்கிழங்குத் தோலோடு ஒரு பச்சைப் பையில் முடிந்து, வெளியே பச்சைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். ஓர் ஐயத்தை முறைப்படி தீர்த்த நிறைவு அவர் நடையில் தெரிந்தது.

6

திங்கட்கிழமை ஸோல்வை வந்தாள். கோட்டைக் கழற்றாமலே அறை வாசலில் நின்றாள். அலமாரி முழுக்க டப்பா. எஸ்பென் சுவரோரமாகக் கை கட்டி நின்றார், பரிசு வாங்கப் போகிறவரைப் போல.

“இது என்ன?”

“தலைங்க.”

“இது?”

“முடி.”

“யார் தலை யாருதுன்னு எப்படித் தெரியும்?”

“தெரிய வேண்டியதில்லையே. எதை வேணா எதுல வேணா மாட்டலாம். அதான் இதுல வசதி.”

“தீயணைப்பு வண்டி எங்க?”

“செவப்புல இருக்கு. பாதிச் செவப்பு. மீதி அம்மாவுக்கு.”

“ஏணி ஒண்ணுதானே இருந்தது?”

“அதுதான் கஷ்டமாயிடுச்சு. கடைசில ஏணி அம்மாவுக்கு, தண்ணிக் குழாய் நமக்கு.”

ஸோல்வை யோசித்தாள். “அப்போ இங்க தீப்பிடிச்சா மேல ஏற முடியாது. அங்க தீப்பிடிச்சா அணைக்க முடியாது.”

எஸ்பென் நகராட்சியில் இதைவிட மோசமான பங்கீடுகளைப் பார்த்தவர்தான். ஆனால் அங்கே யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“மேயர் எங்க?”

“யாரு?”

“மேயர். போன நவம்பர்ல எல்லாரும் ஓட்டுப் போட்டுத்தானே வந்தாரு. கஷ்கொட்டை.”

எஸ்பென் உண்மையைச் சொல்கிற மனிதர். அதுவே அவருடைய பெரிய குறை. “உடம்பு பச்சைத் தொட்டில. கையும் காலும் மிச்சத்துல,” என்றார்.

அவள் அழுவாள் என்று எழுதியிருந்தேன். [அழவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.] அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் டேலெ பண்ணலாம்னு சொன்னேன். நீ டேலெ பண்ணிட்ட.”

இந்த இரண்டு வாக்கியங்களையும் எவ்வளவோ முயன்றும் என்னால் தமிழாக்க முடியவில்லை. முடிந்திருந்தால் கதையே தேவைப்பட்டிருக்காது.

“வேற எப்படிம்மா?”

“சேந்து. நீ ஒரு தெரு கட்டணும், நான் ஒரு தெரு. அங்க அம்மாவுக்கு நேரமில்ல, நான் தனியாத்தான் கட்டறேன்.” கோட்டுப் பையில் கைவிட்டுப் போனை எடுத்தாள். “அம்மாவைக் கூப்பிடட்டுமா?”

எஸ்பென் அந்தப் போனைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியே, ஃபியோர்டு தெரியாத அந்தத் திசையில், பச்சைத் தொட்டியைப் பார்த்தார். வண்டி அடுத்த வாரம்தான் வரும்.

“முதல்ல மேயரைத் தேடலாமா?” என்றார்.

7

இதுவரை எஸ்பெனை ‘அவர்’ என்று எழுதிவந்தேன். நகராட்சி அதிகாரி, பொதுக்கூட்டத்தில் பேசுகிறவர். ஆனால் இடுப்புவரை தொட்டிக்குள் கவிழ்ந்து, செருப்பு நழுவிய ஒரு காலை ஆட்டிக்கொண்டிருப்பவரைத் ‘தொங்கினார்’ என்று எழுதப் பேனா மறுக்கிறது. மரியாதை வழுக்கி உள்ளே விழுந்துவிட்டது. இனி அவன்.

“தெரியுதா?” என்றாள் ஸோல்வை.

“காப்பித் தூள் தெரியுது.” குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. “எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்கு.”

“நீதானே முடிஞ்ச.”

“ஒரே மாதிரி முடியறதுதான் முறை.”

“வெளிய வா. மீட்புக் குழு இல்லாம யாராவது உள்ள போவாங்களா? ஆளுங்களைச் சேத்துக் குடு.”

தலை டப்பாவும் முடி டப்பாவும் கால் டப்பாவும் முற்றத்துக்கு வந்தன. எஸ்பென் கவிழ்த்துப் போட்ட பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்து மனிதர்களைச் செய்ய ஆரம்பித்தான். முதல் ஆளை நீட்டினான்.

“யாரு இது?”

“தபால்காரர்.”

“அது ரொட்டிக்கடை அக்காவோட முடி.”

“எடுப்பாத்தானே இருக்காரு?”

ஸோல்வை பார்த்தாள். மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. அதை உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். “ஏணி வேணும்.”

“அது அம்மா பங்குல இருக்கு. அதைக் கலைச்சா மறுபடி எல்லாத்தையும் நிறுத்து...”

எஸ்பென் நிறுத்திக்கொண்டான். இந்தக் கதையில் நான் அல்லாமல் ஒரு கதாபாத்திரமே கைவிட்ட முதல் வாக்கியம் அது. எழுந்து போய் ஏணியை எடுத்துவந்தான்.

அந்த நேரம் பார்த்து நான் குப்பை கொட்ட வெளியே வந்தேன்.

“என்ன தேடற எஸ்பென்?”

“மேயரை.”

“நம்ம மேயரையா?”

“ஆபீசுல யார்கிட்டயும் சொல்லிடாத.”

ஒரு நாளைக்கு ஒரு பைதான் என்று விதி செய்தது ஸோல்வை. அதற்குமேல் போனால் குழு களைத்துவிடுமாம். காலையில் ஒரு பையைச் செய்தித்தாள்மேல் கொட்டிக் கிளறினார்கள். மீதிப் பகலில் அறையில் தெரு கட்டினார்கள். பச்சை டப்பாவில் மஞ்சள் விழுந்தது, வழுக்கையோடு மொட்டு கலந்தது. எஸ்பென் கட்டிய தெருவில் எல்லா வீடும் ஒரே உயரம், ஒரே சாம்பல்.

“உன் தெருவுல எல்லாரும் ஆபீஸ் போறவங்களா?”

“ஆமா. உன் தெருவுல?”

“யாருக்கும் வேலை இல்ல. ஆனா நீச்சல்குளம் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொட்டியில் ஒரே ஒரு பை பாக்கி. எஸ்பென் கையை நீட்டினான்.

“இதையும் பாத்துடலாமே. இன்னும் வெளிச்சம் இருக்கே.”

“வேணாம். அடுத்த தடவை.”

“அடுத்த தடவைன்னா?” சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான். “நாப்பத்திநாலாம் வாரமா? இல்ல, ஏதாவது ஒரு சனிக்கிழமையா?”

ஸோல்வை தொட்டிக்குள் அந்தக் கடைசிப் பையின்மேல் ஏணியைச் சாய்த்து வைத்தாள். தபால்காரரை ஏணியில் ஏற்றினாள். மீட்புக் குழுவுக்காகக் கட்டிய ஹெலிகாப்டரைப் பையின் முடிச்சுமேல் இறக்கினாள். திங்கட்கிழமை காலை சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“அவங்க உள்ளயே இருக்கட்டும். நான் வர்றவரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

“எப்ப வருவ?”

“மூடியைச் சாத்தி வை. குளிரும் அவங்களுக்கு.”

எப்போது என்று ஸோல்வை சொல்லவில்லை.

8

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) கடைசிப் பையில் மேயர் கிடைக்கிறார். புதுத் தீக்குச்சிகள் பொருத்தப்படுகின்றன. தந்தையும் மகளும்... எழுதிப் பார்த்தேன். எங்கிருந்தோ வயலின் கேட்டது. அழித்துவிட்டேன்.

(ஆ) ஸ்டீனெ போன் செய்கிறார். சனி ஞாயிறு மட்டும். எஸ்பென் சரி என்கிறான். இதை என்னால் எழுத முடியாது. அது சுவர் வழியாக எனக்குத்தான் கேட்கும். நான் இங்கே குடியிருக்கிறேன்.

(இ) கடைசிப் பையில் மேயர் இல்லவே இல்லை. முதல் நாளே எஸ்பெனுக்கு முன்னால் ஸோல்வை கண்டெடுத்துவிட்டாள். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் சான்று போதாது. திங்கட்கிழமை அவள் சைக்கிளில் போகும்போது கோட்டின் ஒரு பக்கத்துப் பை உப்பியிருந்தது. அக்டோபரில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய பையும் உப்பித்தான் இருக்கும்.

இவற்றை வகைப்படுத்தி அடுக்கிவைக்க எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒரு காலி டப்பா மிச்சம் இருக்கிறது. வாங்கிக்கொண்டு உங்கள் முடிவை அதில் போட்டுக்கொள்ளுங்கள். வாசனை போகாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். நாற்பத்து மூன்றாம் வாரம் குப்பை வண்டி வந்தது. எங்கள் வரிசையில் எஸ்பெனின் பச்சைத் தொட்டியை மட்டும் காலி செய்யாமல் விட்டுப்போனார்கள். மூடியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது: ‘உங்கள் உணவுக் கழிவில் பிளாஸ்டிக் இருந்தது. சரியாகப் பிரிப்பது ஒன்றும் கடினமில்லை.’ பக்கத்தில் வாழைப்பழத் தோல் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்த அட்டையின் வாசகத்தை எழுதியவர் எஸ்பென்.